பண்ணைக்குட்டையில் ரோகு வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்துப் பண்ணைக்குட்டைகளில் ரோகு விடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது கங்கை போன்ற வடநாட்டு ஆறுகளைப் பூர்விகமாகக் கொண்ட கெண்டை இனம். ஓடும் தண்ணீருக்குப் பழகிய உடம்பு.

பெரும் இழப்பு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் வரும். வானம் மூடிக்கிடந்தால் தண்ணீரிலுள்ள பாசிக்கு வெயில் கிடைக்காது, ஆக்சிஜன் ஊறாது. இருப்பதையும் இரவு முழுக்க மீனும் பாசியும் சுவாசித்துத் தீர்த்துவிடும். விடியற்காலையில் ரோகு மேலே வந்து வாயைப் பிளக்கும். அதைப் பசி என்று நினைத்துத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் அள்ளிப் போடுகிறார்கள். தின்னாத தீவனம் அழுகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும். அதே குட்டையில் விரால் தெம்பாகத் திரிவதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும், ரோகுவால் முடியாது. அன்றைக்குத் தீவனம் வேண்டாம், சாணமும் கரைக்க வேண்டாம். மோட்டார் வைத்துக் குட்டைத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள்.

விலை குறைவு என்று பொடிக்குஞ்சு வாங்குவது இன்னொரு தவறு. விராலும் கெளுத்தியும் இருக்கிற குட்டையில் அது அவற்றுக்கு இரைதான். முதலில் குட்டையை வற்றவிட்டுக் காயப்போடுங்கள், பிறகு விரல் நீளக் குஞ்சாகப் பார்த்து விடுங்கள். குஞ்சு வந்த பையைப் பிரித்ததும் கொட்டாமல், கால் மணி நேரமாவது தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். ரோகுவோடு விடும் கட்லா, மிர்கால் கெண்டைகள் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 4,000 குஞ்சு போதும். அதற்கு மேல் திணித்தால் எதுவும் தேறாது.

சினைமீனை விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு குஞ்சு வாங்க வேண்டாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. குட்டையின் நிலைநீரில் ரோகு தானாக முட்டையிடாது. 1957இல் ஒடிசாவில் மீன் ஆய்வாளர் ஹிராலால் சௌத்ரியும் உடன் பணியாற்றியவர்களும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக்குஞ்சு தாராளமாகக் கிடைக்க வழி பிறந்தது.

மழைக்காலத்தில் வடிகாலில் மட்டும் வலை கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். புதுத்தண்ணீர் பாயும் பக்கமாகத்தான் ரோகு எதிர்த்து ஏறும். உள்ளே தண்ணீர் வரும் மடையில் நெருக்கமான வலையை முதலில் கட்டுங்கள். ஜிலேபிக் கெண்டை வாய்க்கால் வழியாக உள்ளே வருவதும் குறையும்.