ஹோட்டல் ரூம் ஐபி போனில் ஒருபக்கம் மட்டும் குரல் கேட்கிறதா?

பெங்களூரு மெஜஸ்டிக், காந்திநகர் பக்கம் லாட்ஜ்களில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நம்ம ஆட்களுக்கு இது கட்டாயம் உதவும். ஐபி போன் என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசும் போன்.

"மணி அடிக்குது, நான் பேசுறது ரிசப்ஷனுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எனக்குக் கேக்கல." இப்படிப் புகார் வந்தால் உடனே போனை மாற்றிவிடாதீர்கள். அழைப்பை இணைக்கும் சர்வர் கிளவுடில் (வெளியே இன்டர்நெட்டில்) இருந்தால், முதலில் ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG - அழைப்புத் தகவலில் உள்ள முகவரியை ரவுட்டரே மாற்றி எழுதும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பை இணைக்கும் தகவல் பெரும்பாலும் 5060 போர்ட்டில் போகும். குரல் போவது வேறு போர்ட்களில். நடுவில் ஏஎல்ஜி முகவரியைத் தப்பாக மாற்றிவிட்டால் குரல் வழிதவறிவிடும். அதை ஆஃப் செய்து, ரவுட்டரையும் போனையும் ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

போனுக்கு உயிரே இல்லையென்றால், பின்னால் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓட்டை இருக்கும் மாடலில் ரூமைப் பெருக்கித் துடைக்கும்போது கழன்ற கேபிளை 'பிசி' என்ற ஓட்டையில் செருகியிருப்பார்கள். பிஓஇ ஸ்விட்ச்சிலிருந்து (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் ஸ்விட்ச்) வரும் கரண்டை வாங்குவது 'லேன்' ஓட்டைதான்.

கெஸ்ட் வைஃபைக்கும் போனுக்கும் தனித்தனி விஎல்ஏஎன் (VLAN - ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊர் இது, ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் வேண்டும்.

ரூமிலிருந்து, வெளி லைனுக்காக அழுத்தும் 9-ஐ அழுத்தாமலே, அவசர உதவி எண் 112-க்கு லைன் போக வேண்டும். பதற்றத்தில் இருக்கும் விருந்தினருக்கு 9 ஞாபகம் வராது. டயல் பிளானில் (எந்த எண்ணை அழுத்தினால் லைன் எங்கே போகும் என்ற அமைப்பில்) இதைச் சேர்க்காமல் வேலையை ஒப்படைக்காதீர்கள்.