ஒரே இட்லி மாவில் எத்தனை ஸ்ட்ரெயின்? ஜிடிஜி பிரைமர் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

புளித்த இட்லி மாவை நீர்த்து எம்ஆர்எஸ் அகார் (லாக்டிக் அமில பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக்கூழ்) பிளேட்டில் பரப்பி 30 டிகிரியில் வைத்தால், இரண்டு நாளில் வெள்ளை வெள்ளையாகப் பாக்டீரியாக் காலனிகள் வந்துவிடும். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதில் பத்தை எடுத்து 16எஸ் (இனத்தை அடையாளம் காட்டும் மரபணு) வரிசை பார்க்கிறீர்கள், நாலைந்துக்கு லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று பதில் வருகிறது. அது இனத்தின் பெயர், அவ்வளவுதான். அந்த நாலைந்தும் ஒரே ஸ்ட்ரெயினா (இனத்துக்குள் இருக்கும் உட்பிரிவு), வேறு வேறா என்று 16எஸ்ஸிடம் கேட்டால் பதில் கிடைக்காது. அதற்குத்தான் டிஎன்ஏ கைரேகை.

மனிதர்களுக்கான டிஎன்ஏ கைரேகையை 1984-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார். பாக்டீரியாவுக்குப் பல வழிகள் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது ரெப்-பிசிஆர் (டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் பிசிஆரில் ஒரு வகை), அதிலும் ஜிடிஜி என்ற மூன்றெழுத்து ஐந்து முறை திரும்ப வரும் 15 எழுத்து பிரைமர், அதாவது பெருக்கலைத் தொடங்கி வைக்கும் குட்டி டிஎன்ஏ இழை. பாக்டீரியாவின் குரோமோசோமில் இந்த எழுத்துக்கோவைக்குப் பொருந்தும் இடங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்கள் எதிரெதிர் திசையில் அமைந்தால் நடுவில் உள்ள துண்டு பெருகும். இந்த இடைவெளிகள் ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறுவதால், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் கடைப் பொருளின் பார்கோடு மாதிரி கோடுகள் (பேண்டுகள்) விழும். சாதாரண பிசிஆருக்கு வேண்டிய சாமான்களே இதற்கும் போதும், பிரைமரும் ஒன்றே ஒன்றுதான்.

1. தனிக் காலனி

ஒரு காலனியை எடுத்துப் புதுப் பிளேட்டில் கோடிழுங்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடியும், அப்புறம் இன்னொரு முறை. மூன்று தடவை எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ஸ்ட்ரெயின் கலந்திருந்தால் இரண்டின் கோடுகளும் ஒரே வரிசையில் விழும், உங்களுக்கு அது ‘புது’ ஸ்ட்ரெயின் மாதிரி தெரியும். நான் முதல் முறை அப்படித்தான் ஒன்றைக் ‘கண்டுபிடித்து’ இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். கிராம் சாயம் (பாக்டீரியாவைச் சுவர் வகைப்படி பிரித்துக் காட்டுவது) போட்டும் பாருங்கள். கிளிசரால் ஸ்டாக் (ஃப்ரீசரில் வைக்கும் சேமிப்பு) போட்டு வைக்க மறக்க வேண்டாம்.

2. டிஎன்ஏ எடுப்பது

ஈ.கோலை என்றால் காலனியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தே வேலையை முடித்துவிடலாம். நம் மாவில் வரும் இவை கிராம் பாசிட்டிவ், சுவர் தடிமன். சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்சைமைப் போட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த பிறகே டிஎன்ஏ பிரிக்கும் கிட்டைத் தொடுங்கள். 260/280 விகிதம் (டிஎன்ஏவின் சுத்தத்தைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவு) 1.8-லிருந்து 2.0-க்குள் இருந்தால் நல்லது. கொஞ்சம் எடுத்து ஜெல்லில் ஓட்டியும் பாருங்கள். மேலே ஒரே கனமான பேண்ட் நின்றால் சரி, கீழ் வரை இழுத்துக்கொண்டு போனால் டிஎன்ஏ உடைந்திருக்கிறது என்று பொருள், திரும்ப எடுங்கள். எல்லா மாதிரிகளையும் ஒரே அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். 25 மைக்ரோலிட்டர் பிசிஆருக்கு 50 நானோகிராம் போதும். ஒரு டியூபில் அதிகம், ஒன்றில் குறைவு என்று போட்டால் மெல்லிய பேண்டுகள் சிலவற்றில் வரும், சிலவற்றில் வராது. பிறகு அதை வைத்துத்தான் குழப்பமே ஆரம்பிக்கும்.

3. பிசிஆர்

95 டிகிரியில் 7 நிமிடம். பிறகு 90-இல் 30 நொடி, 40-இல் 1 நிமிடம், 65-இல் 8 நிமிடம், இதுவே 30 சுற்று. கடைசியில் 65-இல் 16 நிமிடம். பிரைமர் குட்டையானது, அதனால்தான் 40 டிகிரி. நீளமான துண்டுகளும் முழுதாக வளர வேண்டும், அதனால்தான் 8 நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாயங்காலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

மாஸ்டர் மிக்ஸை (டிஎன்ஏ தவிர மற்ற எல்லாம் சேர்ந்த கலவை) ஒரே டியூபில் கலந்து மற்ற டியூப்களுக்குப் பிரியுங்கள். டிஎன்ஏ இல்லாத டியூப் ஒன்று கட்டாயம். அதோடு, ஏதாவது ஒரு மாதிரியை இரண்டு டியூபில் தனித்தனியாகப் போடுங்கள், முடிந்தால் டிஎன்ஏவையே இரண்டு முறை எடுத்து. இது ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

4. ஜெல்

100 மில்லி டிஏஇ பஃபரில் 1.5 கிராம் அகரோஸ். ஜெல் நீளமாக இருக்கட்டும், குட்டி ஜெல்லில் பேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வோல்ட்டைக் குறைத்து நிதானமாக ஓட்டுங்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் ஜெல் சூடாகி பேண்டுகள் சிரித்த வாய் மாதிரி வளைந்துவிடும். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் 1 கேபி லேடர் (நீளம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகள், அளவுகோல் மாதிரி) போடுங்கள். டிஎன்ஏவை ஒளிர வைக்கும் சாயமான எத்திடியம் புரோமைடு கலந்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், யூவி விளக்கை முகக் கவசம் இல்லாமல் பார்க்காதீர்கள்.

5. படிப்பது

டிஎன்ஏ இல்லாத வரிசையில் பேண்ட் இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மூன்றாம் படிக்குப் போங்கள்.

அது சுத்தமாக இருந்தால் எண்ண ஆரம்பிக்கலாம். அ-வில் 12 பேண்ட், ஆ-வில் 11, இரண்டுக்கும் பொதுவாக 10 என்று வைத்துக்கொள்வோம். பொதுவானதை இரண்டால் பெருக்கி மொத்தத்தால் வகுங்கள்: 20/23, அதாவது 87 சதவீதம். இதற்கு டைஸ் கெழு என்று பெயர். சரி, 87 என்றால் ஒன்றா, வேறா?

இங்கேதான் அந்த இரட்டை டியூப் கைகொடுக்கும். ஒரே பாக்டீரியாவை இரண்டு முறை ஓட்டியும் உங்கள் கையில் 90 சதவீதம்தான் வருகிறது என்றால், 87-ஐ வைத்து ‘வேறு ஸ்ட்ரெயின்’ என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. அந்த மூன்று சதவீதம் பிப்பெட் தவறாகவும் இருக்கலாம். இரட்டை 98 கொடுத்தால் கதை வேறு. யாரோ ஒரு கட்டுரையில் எழுதிய எல்லைக்கோட்டை எடுத்துப் போடாதீர்கள், உங்கள் மெஷின், உங்கள் என்சைம், உங்கள் கை கொடுக்கும் எல்லைதான் கணக்கு. இதே காரணத்தால், போன மாதம் ஓட்டிய ஜெல் படத்தையும் இன்றைய ஜெல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை. ஒப்பிட வேண்டியவை ஒரே பிசிஆரில், ஒரே ஜெல்லில் இருக்க வேண்டும்.

கோடுகள் அச்சு அசலாகப் பொருந்தினாலும் ‘ஒரே ஸ்ட்ரெயின்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘இந்தப் பிரைமரால் பிரிக்க முடியவில்லை’ என்பதுதான் சரியான வாக்கியம். எம்13 என்ற வேறொரு பிரைமரை வைத்து இன்னொரு முறை ஓட்டினால் சில சமயம் பிரிந்துவிடும்.

உணவால் வரும் நோய்களைத் துரத்துபவர்களுக்கு இந்த அளவு போதாது. 1996-இல் தொடங்கிய அமெரிக்காவின் பல்ஸ்நெட் என்ற கண்காணிப்பு வலையமைப்பு, துடிப்புப் புல ஜெல் என்ற இன்னொரு கைரேகை முறையை வருடக்கணக்கில் நம்பியிருந்துவிட்டு, 2019-இல் முழு மரபணுத்தொகுப்பு வாசிப்புக்கே மாறிவிட்டது. நம்மிடம் அறுபது காலனி இருந்தால் அத்தனையையும் அப்படி வாசிக்கக் காசு ஏது? முதலில் ஜெல்லில் குழு பிரியுங்கள், குழுவுக்கு ஒன்றை மட்டும் எடுத்து வரிசைப்படுத்த அனுப்புங்கள். மீதி ஸ்டாக்குகளைத் தூக்கி எறியாதீர்கள், எந்த டியூப் எந்தக் குழு என்று மூடியில் எழுதிவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பென்சிலால் இல்லை, அழியாத மார்க்கரால்.