மோரி விட்டுப்போன கடல் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

முதலில் வட அட்லாண்டிக் பைலட் சார்ட் அட்லஸை, அதாவது எந்த மாதம் எங்கே எப்படிக் காற்றும் நீரோட்டமும் இருக்கும் என்று காட்டும் கடல் வரைபடத் தொகுப்பை, இறக்கிக்கொள்ளுங்கள், அமெரிக்காவின் நேஷனல் ஜியோஸ்பேஷியல் இன்டலிஜன்ஸ் ஏஜென்சி இலவசமாகவே தருகிறது. மாதத்துக்கு ஒரு தாள். இந்தச் சார்ட்டுகளுக்கு அடிப்படை மாத்யூ ஃபான்டெய்ன் மோரி என்ற கடற்படை லெப்டினன்ட் செய்த ஆய்வு என்று அதிலேயே அச்சிடுவது நெடுநாள் வழக்கம். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் பதவியை உதறிவிட்டு, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் பக்கம் போய்ச் சேர்ந்தவர் அவர், ஆனாலும் பெயரை அழிக்கவில்லை.

சரி, தாளைப் பாருங்கள். கடல் முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றிக் குச்சிகள். குச்சி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து காற்று வருகிறது. பலரும் இதைத்தான் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவதுதானே, அதே கணக்கு. குச்சி நீளமாக இருந்தால் அந்தத் திசைக் காற்று அடிக்கடி வீசும். நுனியில் எத்தனை இறகோ அத்தனை பியூஃபோர்ட் எண், அதாவது காற்றின் பலத்தைச் சொல்லும் அளவு. நான்கு இறகு என்றால் 11 முதல் 16 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம். வட்டத்துக்குள் 3 என்று இருந்தால் நூற்றுக்கு மூன்று தடவை காற்றே இல்லை, பாய்மரக்காரனுக்குப் பயம் தருவது இந்த எண்தான். அப்புறம் பச்சை அம்புகள், அவை நீரோட்டம்; இவை மட்டும் போகிற திசையைக் காட்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது? 1839-இல் ஒஹாயோவில் குதிரை வண்டி கவிழ்ந்து மோரியின் கால் உடைந்தது, கப்பல் வேலை அத்தோடு முடிந்தது. 1842-இல் வாஷிங்டனில் வரைபடக் கிடங்கைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அங்கே குவிந்து கிடந்த பழைய லாக் புத்தகங்களில் (கப்பலின் தினக் குறிப்பேடுகளில்) ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் என்ன காற்று என்று எழுதியிருந்ததைக் கட்டம் கட்டமாகத் தொகுத்து 1847-இல் வெளியிட்டார். தன் பயணக் குறிப்பை எழுதி அனுப்ப ஒப்புக்கொள்ளும் கேப்டனுக்குச் சார்ட் சும்மா கிடைக்கும். அதை நம்பி 1848-இல் பால்டிமோரிலிருந்து ரியோவுக்குப் போன கப்பல், வழக்கமாக 55 நாள் பிடிக்கிற தூரத்தை 38 நாளில் முடித்தது.

பழகிக்கொள்ள, ஒரே கட்டத்தின் ஜனவரித் தாளையும் ஜூலைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது பல வருடச் சராசரிதான், நாளைய வானிலை அல்ல. கிளம்புகிற அன்று முன்னறிவிப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.