டர்பனிலிருந்து ஊருக்குச் செல்வோர் எந்த முதுகுப்பையை வாங்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் முதுகுப்பைகளை 40 லிட்டர், 45 லிட்டர் என்று கொள்ளளவைச் சொல்லித்தான் விற்கிறார்கள். தமிழ்நாட்டுக்குச் செல்லும் நாம் முதலில் பார்க்க வேண்டியது பையின் எடை. எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டிலும் சாதாரண வகுப்பில் விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பைக்கு 7 கிலோதான். சென்னையில் இறங்கித் திருச்சிக்கு இண்டிகோவில் ஏறினாலும் அதே 7 கிலோ. வெறும் பையே 2 கிலோ இருந்தால் நமக்கு மிஞ்சுவது 5 கிலோ. ஆகவே, ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பையைத் தொடவே வேண்டாம். கத்தாரில் உயரம் 50 செ.மீ., இண்டிகோவில் அகலம் 35 செ.மீ., எமிரேட்ஸில் தடிமன் 22 செ.மீ. என்பவையே இறுக்கமான வரம்புகள். இம்மூன்றுக்கும் அடங்கும் பை 35 லிட்டருக்கு மேல் இருப்பது அரிது.

சிறிய பையை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பையில் இடம் இருப்பது தெரிந்துவிட்டால், ஊரில் அந்த இடத்துக்கு உரிமையாளர்கள் வந்துவிடுவார்கள். சென்ற முறை நான் புறப்படும் நாளில், பெரியம்மா அப்பாயியின் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தார். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் என்று மரை கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தார். தண்டின் மரையில் பல்லாண்டு எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப் படிந்திருந்தது. பெட்டியில் போட்டால் நசுங்கிவிடும், கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அப்பாயி இறந்தபோது வந்து சேராத பேரனுக்கு, அந்த விளக்கை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

சென்னை விமான நிலையத்தில் பை 11 கிலோவைத் தாண்டியது. கேட்ட பணத்தைக் கட்டினேன். குடியேற்ற முத்திரையும் விழுந்த பிறகு, பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே திரையில் தண்டைக் கண்டதும் பையைத் தனியே இழுத்துவிட்டார்கள். அது மேல்வாய் மட்டும் திறக்கும் பை. அடியில் கிடந்த விளக்கை எடுக்க, உடை, மருந்து, காகிதம் அனைத்தையும் பின்னால் நின்றவர்கள் பார்க்க மேசையில் கொட்ட வேண்டியதாயிற்று. கனத்த உலோகத் தண்டைக் கைப்பையில் விடமாட்டோம் என்றார்கள், அது நியாயமே. ஆனால், பணம் வாங்கிக்கொண்ட விமான நிறுவனத்தார் அதைச் சரக்கறைக்கு அனுப்ப மறுத்து, அங்கே கேள், இங்கே கேள் என்று கடைசி அழைப்புவரை என்னை அலையவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முடிவில் பையோடு விளக்கும் சரக்கறைக்குப் போயிற்று. கடவுச்சீட்டையும் மருந்தையும், சரக்கறையில் அனுமதிக்கப்படாத பவர் பேங்கையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.

எனவே, பெட்டியைப் போல மூன்று பக்கமும் ஜிப் திறக்கும் பையையே வாங்குங்கள். தோள்பட்டைகளை உள்ளே மடக்கி மூடும் வசதி இருக்கட்டும். சரக்கறைக்குப் போக நேர்ந்தால் பட்டை எதிலும் மாட்டி அறுந்து போகாது. பவர் பேங்க், மருந்து, கடவுச்சீட்டு மூன்றையும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்கும்படி உள்ளே தனிச் சிறுபை வேண்டும். 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய முன்னோரின் பதிவு நகல்களோடு பாட்டன் ஊரைத் தேடிச் செல்லும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பங்களுக்கு, முதுகோடு ஒட்டிய தட்டையான அறை மிகவும் தேவை. மடித்த காகிதத்தை எந்த அலுவலகத்திலும் வேண்டாவெறுப்பாகத்தான் வாங்குகிறார்கள். சக்கரம் வைத்த பை பேருந்துப் படியிலும் தெருமண்ணிலும் உதவாது.

பித்தளைச் சாமான்களைப் பெட்டியின் நடுவில், உடைகளுக்கு இடையே வையுங்கள். எங்கள் விளக்கு சரக்கறையில்தான் டர்பன் வந்து சேர்ந்தது. ஒரு கீறலும் இல்லை. அதைப் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே 7 கிலோக் கணக்கையும் அவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடப் போகிறேன். அவருக்கு வருத்தம் இருந்தால், அதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.