மளிகைக் காசு எங்கே கரைகிறது?

மாதம் பிறந்ததும் பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு, போன மாத மளிகைச் சீட்டையே பார்த்து மறுபடி எழுதுவது. நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் எழுதினேன். ஒரு நாள் அலமாரியைத் துடைக்க எல்லாவற்றையும் கீழே இறக்கினால், பிரிக்காத கடுகு பாக்கெட் மூன்று. பின்னால் ஒரு கிலோ கடலை மாவு, சிக்கு வாடை அடித்துக் கிடந்தது. இப்போது டப்பாக்களைத் திறந்து பார்த்த பிறகுதான் சீட்டு எழுதுகிறேன்.

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் விலை குறைவுதான், மறுக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் ஐந்து ஐந்து கிலோவாக அள்ளி வந்தால் பாதியை வண்டு தின்னும். ரவை, மைதா, கடலை மாவு அந்தந்த மாதத்துக்கு மட்டும் போதும். ரவையை லேசாக வறுத்து வைத்தால் கொஞ்சம் கூட நாள் வரும். உளுந்து, துவரம்பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் இறுக்கி மூடினால் சில மாதம் தாங்கும். புளியும் மிளகாய் வத்தலும் மாசி, பங்குனியில் புதுசாக வரும்போது வருஷத்துக்கே வாங்கலாம். புளியைக் கொட்டை எடுத்து, காயவைத்து, கல் உப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் போதும். உளுந்தைப் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் பத்து கிலோவாக வாங்கிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். ஆட்டோக் காசும் பாதியாகிவிடுகிறது.

அப்புறம், பாக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு எடையைப் பார்க்காமல் விடுவது. எண்ணெயில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ வராது. ஏறக்குறைய 910 கிராம்தான். ஒரு செக்குக் கடையில் நல்லெண்ணெய் லிட்டர் 400 ரூபாய், இன்னொன்றில் கிலோ 420 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைதான் மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டால் அங்கே கிலோ ஏறக்குறைய 440 ரூபாய் ஆகிறது. பாக்கெட் சாமான்களில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நம்பாமல் அதை ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காய்கறியை மளிகையோடு சேர்த்து ஒரே கடையில் வாங்குவதும் நஷ்டம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது நம் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே அன்றன்றைக்கு விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் நல்ல காய் இருக்காது. தக்காளிக்கு மட்டும் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நடை போதும்.

கடைசியாக ரேஷன். அரிசி அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். "அந்தப் பருப்பு வேகாது" என்று வாங்காமலே விடுகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, குக்கரில் ஒரு விசில் கூட விடுங்கள். சாம்பாருக்குக் குழைந்து வரும்.