மின்காந்தத்தின் வலிமை: மின்னோட்டம், சுற்றுகள், உள்ளகம் மூன்றையும் தனித்தனியே சோதிக்கும் முறை

கடலூர் மாவட்டத்தில் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு, மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் பொத்தானை அழுத்தியும் ஸ்டார்ட்டர் பிடித்து நிற்காமல் விட்டுவிடுவது பழகிய தொல்லை. ஸ்டார்ட்டருக்குள் உள்ள காயில் (கம்பிச்சுருள்) ஒரு மின்காந்தம். அதில் பாயும் மின்னோட்டம் குறைந்தால் இழுவிசையும் குறைகிறது. இதையே பேட்டரி செல்லைக் கொண்டு வீட்டு மேசையில் பாதுகாப்பாகச் செய்து பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தையோ இன்வெர்ட்டர் பேட்டரியையோ இச்சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

மோட்டார் காயில் கட்டும் கடையில் 26 கேஜ் எனாமல் பூசிய செப்புக் கம்பி 7 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் தடிமனும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரும்பு போல்ட், 1.5 வோல்ட் பெரிய செல் இரண்டு, 3.3 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், மல்டிமீட்டர், ஒரு பெட்டி குண்டூசி ஆகியவையும் வேண்டும். கடற்காற்றில் துருவேறிய குண்டூசிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கையைக் கெடுக்கும் என்பதால் புதியவையே நல்லது.

போல்ட்டின் மேல் சார்ட் காகிதத்தை ஒரு சுற்று சுற்றி ஒட்டி, போல்ட்டை எளிதாக உருவி எடுக்கும்படி ஒரு குழல் செய்யுங்கள். அதன்மேல் கம்பியை நெருக்கமாக 100 சுற்று சுற்றினால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நிரம்பும். அந்த இடத்தில் கம்பியை வெட்டாமல் ஒரு சிறு வளையமாக முறுக்கி வெளியே நீட்டிவிட்டு, முதல் அடுக்கின் மேலேயே தொடங்கிய முனையை நோக்கி இன்னும் 100 சுற்று சுற்றுங்கள். அடுக்கு மாறினாலும் சுற்றும் திசை மாறக் கூடாது. முதல் அடுக்கு வலஞ்சுழியாக இருந்து இரண்டாவது இடஞ்சுழியானால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். பிறகு இரு முனைகளையும் நடு வளையத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளபளவென்று தெரியும் வரை எனாமலை நீக்குங்கள். 'காயில் வேலை செய்யவில்லை' என்று தொடக்கநிலையினர் சொல்லும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த முனைகளைத்தான்.

முதலில் மின்னோட்டம். செல், ரெசிஸ்டர், 10 ஆம்பியர் அளவையில் வைத்த மல்டிமீட்டர், 100 சுற்று (தொடங்கிய முனை முதல் நடு வளையம் வரை) ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். ஒரு செல்லுக்குச் சுமார் 0.4 ஆம்பியரும், இரண்டு செல்லுக்குச் சுமார் 0.8 ஆம்பியரும் பாயும். ஒவ்வொரு முறையும் போல்ட்டின் முனையைக் குண்டூசிக் குவியலில் அமிழ்த்தித் தூக்கி, ஒட்டியவற்றை எண்ணி, மூன்று முறை எடுத்த எண்களின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் இருமடங்கானால் ஊசிகளும் துல்லியமாக இருமடங்காகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இழுவிசை பொதுவாகக் காந்தப்புலத்தின் இருமடியை (வர்க்கத்தை) ஒட்டி வளர்வது, ஊசிக்கணக்கோ தோராயமான அளவை. சோதனை ஒவ்வொன்றும் சில நொடிகளில் முடியட்டும், ஏனெனில் ரெசிஸ்டர் சூடாகும்.

அடுத்தது சுற்றுகள், பலரும் இடறுவது இங்கேதான். மின்காந்தத்தின் வலிமைக்கு அடிப்படை, மின்னோட்டத்தையும் சுற்றுகளையும் பெருக்கி வரும் ஆம்பியர்-சுற்று என்னும் அளவு. 100 சுற்றுக்குச் சுமார் 3 மீட்டர் கம்பி செலவாகிறது, அதன் மின்தடை ஏறத்தாழ 0.3 ஓம். 200 சுற்றுக்கு அது 0.6 ஓம் ஆகிவிடும். ரெசிஸ்டர் இல்லாமல், அதே மின்னழுத்தத்தைக் காயிலுக்கு நேரடியாகக் கொடுத்தால், சுற்று இருமடங்காகும்போது மின்னோட்டம் பாதியாகிறது. பெருக்குத்தொகை மாறாததால் வலிமையும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனாலும் அந்தக் கூடுதல் கம்பி வீணன்று: அதே வலிமை பாதி மின்சாரச் செலவில், குறைந்த சூட்டில் கிடைக்கிறது. ரெசிஸ்டரைச் சேர்த்து, நடு வளையத்துக்குப் பதில் கடைசி முனையை இணைத்து 200 சுற்றாக்கினால் மொத்தத் தடை 3.6 ஓமிலிருந்து 3.9 ஓமுக்கு மட்டுமே உயர்கிறது. மின்னோட்டம் ஒரு பத்தில் ஒரு பங்குகூடக் குறையாமல் நிற்பதால் சுற்றுகளின் உண்மையான விளைவு வெளிப்படும். முதன்முதலாக 1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தத்தில், பூச்சில்லாத கம்பி ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட வேண்டியிருந்ததால், 18 சுற்றுகளே இருந்தன. கம்பிக்கே பட்டு நூலால் காப்பிட்டுப் பல அடுக்குகளாகச் சுற்றிய ஜோசப் ஹென்றி, அதைவிட எவ்வளவோ வலிமையான மின்காந்தங்களைச் செய்தார்.

இறுதியாக உள்ளகம், அதாவது காயிலுக்குள் வைக்கும் பொருள். போல்ட்டை உருவிவிட்டு, அதே மின்னோட்டத்தில் மரப் பென்சில், அலுமினியக் கம்பி, இரும்பு போல்ட், கான்கிரீட் ஆணி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பென்சிலும் அலுமினியமும் வெறும் காற்றை வைத்தது போலவே நடந்துகொள்ளும். இரும்பின் காந்த உட்புகுதிறன் (காந்தப்புலத்தைத் தன்னுள் எளிதாகச் செல்லவிடும் திறன்) காற்றைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கலாம் என்று பாடநூலில் படித்தாலும், இந்தச் சிறு போல்ட்டில் அவ்வளவு ஆதாயம் கிடைக்காது. காந்த விசைக்கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்று வழியாகவே திரும்ப வேண்டியிருப்பதுதான் காரணம். மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் இரும்பு ஏறத்தாழ 2 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவில் தெவிட்டிவிடும்; அதன் பிறகு கூட்டும் மின்னோட்டத்தால் சூடு ஏறும் அளவுக்கு வலிமை ஏறாது.

இணைப்பைத் துண்டித்த பின் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். தேனிரும்பாக இருந்தால் ஊசிகள் உடனே உதிரும். கடினமாக்கிய எஃகினால் ஆன கான்கிரீட் ஆணி சில ஊசிகளை விடாமல் பிடித்திருக்கும். ஸ்டார்ட்டர் போன்ற கருவிகளுக்குப் பிடிப்பது எவ்வளவு முக்கியமோ விடுவதும் அவ்வளவு முக்கியம் என்பதால், அவற்றின் உள்ளகம் காந்தத்தன்மையை எளிதில் இழக்கும் மென்மையான இரும்புத் தகடுகளால் செய்யப்படுகிறது. போல்ட்டிலும் சிறிது காந்தம் எஞ்சியிருந்தால், அடுத்த சோதனைக்கு முன் காயிலிலிருந்து அதை வெளியே எடுத்துத் தரையில் சில முறை தட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.