மதிப்பெண்ணில் தவறு, கடைசித் தேதி பக்கத்தில்: என்ன செய்வது?

அக்டோபர் நடுவில் ஒரு நாள் இரவு என் மகன் ஏசிடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் தேர்வு) மதிப்பெண் பக்கத்தைத் திறந்தான். கணிதத்தில் 26. வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிய மாதிரித் தேர்வு எதிலும் அவன் 32-க்குக் கீழே போனதில்லை. கல்லூரிகளின் முதல் சுற்று விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி. "அம்மா, திருத்தினதுல தப்பு நடந்திருக்கு" என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: புகார் எழுதும் முன் தவறு எங்கே நடந்தது என்று பாருங்கள். ஏசிடியில் சில தேர்வு நாள்களுக்கு மட்டும், கட்டணம் கட்டினால் கேள்விகளும் சரியான விடைகளும் நம் பிள்ளை குறித்த விடைகளும் கிடைக்கும். நாங்கள் அதை வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்து வரிசையாக ஒப்பிட்டோம். நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அடுத்ததன் விடையை விடைத்தாளில் அந்த வரிசையிலேயே நிரப்பியிருக்கிறான். அதற்குப் பின் பதினோரு விடைகள் ஒரு வரிசை மேலே ஏறியிருந்தன. கையால் மறுபடி எண்ணினாலும் அதே 26 தான் வரும். எந்த வட்டம் கருப்பாக இருக்கிறதோ அதைத்தான் எண்ணுவார்கள், பிள்ளை மனதில் நினைத்ததை அல்ல. இது தெரியாமல் சரிபார்ப்புக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால், மறுபடி எழுதுவதற்கான பதிவுத் தேதியையும் தவறவிட்டிருப்போம்.

ஏசிடிக்குப் பதிலாக எழுதும் இன்னொரு தேர்வான எஸ்ஏடி என்றால் கணக்கு வேறு. 2024 மார்ச் முதல் அமெரிக்காவிலும் அது கணினித் தேர்வாகிவிட்டது. ஒவ்வொரு பிரிவும் இரண்டு பகுதி. முதல் பகுதியை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி எளிதாகவோ கடினமாகவோ வரும். மொத்தம் 98 கேள்விகளில் 8 சோதனைக் கேள்விகள், அவை மதிப்பெண்ணில் சேராது. எது அந்த எட்டு என்று எழுதுபவருக்குத் தெரியாது. அதனால் "என் தோழிக்கும் எனக்கும் தப்பு ஒரே எண்ணிக்கை, அவளுக்கு மட்டும் எப்படி 40 கூட?" என்பது தவறு நடந்ததற்குச் சான்று ஆகாது. எழுதிய பகுதி காலியாகக் காட்டப்படுவது, தேர்வின் நடுவே கணினி நின்றுபோய் நேரம் குறைந்தது, இவைதான் உடனே எழுத்தில் புகார் செய்ய வேண்டியவை.

அதற்காகத் திருத்துவதில் தவறே நடக்காது என்று சொல்லவில்லை. 2005 அக்டோபரில் நடந்த எஸ்ஏடியில் சுமார் 4,400 மாணவர்களுக்கு உரியதைவிடக் குறைந்த மதிப்பெண் போனது. விடைத்தாள்கள் ஈரப்பதத்தில் சற்று விரிந்ததால் ஸ்கேன் இயந்திரம் தவறாகப் படித்துவிட்டது. மெல்லிய பென்சில் குறிகளையும் அது சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு மாணவர்கள் கையால் திருத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்டதிலிருந்துதான் அது வெளிவரத் தொடங்கியது. எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு அறிவித்தபோது 2006 மார்ச் ஆகிவிட்டது; பல கல்லூரிகள் முடிவெடுக்கும் கட்டத்தில் இருந்தன. ஆகவே உங்களிடம் நியாயமான காரணம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். அந்த இருவரும் தயங்கியிருந்தால் மற்றவர்கள் நிலை என்ன ஆகியிருக்கும்?

சரி, கேட்டுவிட்டீர்கள், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். தேர்வு நிறுவனத்தின் தாமதத்துக்காகக் கல்லூரி தன் தேதியை மாற்றும் என்று எண்ணவே வேண்டாம். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் மதிப்பெண்ணை நாமே பதியலாம். பல கல்லூரிகள் அதிகாரபூர்வ அறிக்கையைச் சேரும்போது மட்டுமே கேட்கின்றன. பதியும்போது இன்று உங்கள் கணக்கில் இருக்கும் எண்ணையே போடுங்கள். "வந்திருக்க வேண்டிய" எண்ணைப் போட்டால், பின்னால் கிடைத்த இடமும் கைவிட்டுப் போகலாம். மதிப்பெண் கட்டாயமில்லாத கல்லூரி என்றால் இப்போதைக்குச் சேர்க்காமல் விடுவதும் ஒரு வழி. ஆனால் எம்ஐடி போல மீண்டும் கட்டாயமாக்கிய இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அன்றே பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) பேசுங்கள். கல்லூரிக்கு அவர் எழுதும் இரண்டு வரிக்கு நாம் எழுதும் இரண்டு பக்கத்தைவிட மதிப்பு அதிகம். கல்லூரிக்கான மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். பெற்றோர் தொலைபேசியில் வாதாடுவது உதவாது என்பது என் உறுதியான கருத்து. மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், இந்தத் தேதியில் எழுதிய தேர்வைச் சரிபார்க்க இந்தத் தேதியில் கேட்டிருக்கிறேன், ரசீது இணைப்பில், இப்போதுள்ள மதிப்பெண்ணோடு என் விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள், முடிவு வந்ததும் தெரிவிக்கிறேன், அதை எங்கே சேர்க்க வேண்டும்? இவ்வளவு போதும். ஆதங்கம், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். கூடவே அடுத்த தேர்வுக்கும் பதிந்துவிடுங்கள். ஜனவரித் தொடக்கத்தில் கடைசித் தேதி வைத்திருக்கும் பல கல்லூரிகள் டிசம்பர் தேர்வையும் ஏற்கும். மகன் டிசம்பரில் மறுபடி எழுதினான். ஒவ்வொரு ஐந்து கேள்விக்கும் ஒருமுறை வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே எழுதியதாகச் சொன்னான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் தனியாக உண்டு. மகளுக்கு மதிப்பெண் சரி, அனுப்பியதும் சரி, ஆனால் கல்லூரித் தளத்தில் "மதிப்பெண் வரவில்லை" என்றே ஜனவரி வரை நின்றது. தேர்வுக்குப் பதியும்போது அப்பா பெயர் முதற்பெயராகவும் அவள் பெயர் கடைசிப் பெயராகவும் போயிருந்தது, விண்ணப்பத்தில் நேர்மாறு. இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியவில்லை. தேர்வுப் பதிவில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, தேர்வு நாள் மூன்றையும் எழுதி, மதிப்பெண் அறிக்கையையும் அனுப்பிய ரசீதையும் இணைத்து அவள் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பினாள். நான்காம் நாள் அந்த வரி பச்சையாக மாறியது.